காலை உடைத்தவனுக்கு அடுத்த ஊரில் கோப்பை

கொழிஞ்சாம்பாறையில் இந்த ஞாயிறு சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறவர், அடுத்த ஞாயிறு பொள்ளாச்சியில் வேறொரு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கலாம். கேட்க ஆளில்லை. வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் கேரளக் கால்பந்துச் சங்கம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சங்கம். ஊர்க் கமிட்டிகள் திருவிழாவையும் கிளப் ஆண்டுவிழாவையும் ஒட்டி நடத்தும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் பல, இரண்டின் பதிவேட்டிலும் இல்லை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனிப் பக்கம் போய் ஆடிவரும் இடுக்கி இளைஞர்களுக்கும் இதே வசதிதான். எல்லையைத் தாண்டினால் தண்டனை தீர்ந்தது.

எதிராளியின் காலைப் பணயம் வைத்துப் பந்தைப் பறிப்பது குற்றம். கால் உடைந்தாலும் குற்றம், தப்பித்தாலும் குற்றம். இதைச் சொல்வதற்கு நாம் புதிதாக எந்த அறத்தையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆட்ட விதியே சொல்கிறது. கால்பந்தின் 12-ஆம் விதி தவறுகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை. மிதமிஞ்சிய வலுவோடு, எதிராளியின் பாதுகாப்பைக் கெடுக்கும்படி பாய்ந்தால் சிவப்பு. முன்னாலிருந்து வந்தாரா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா என்பது பொருட்டல்ல. பந்தில் கால் பட்டதா என்பதும் பொருட்டல்ல. மனத்தில் என்ன நினைத்தார் என்று ரெஃபரி துருவிப் பார்க்க வேண்டும் என்றும் விதி சொல்லவில்லை.

ஆனால் நம் மைதானங்களில் முதலில் எழும் வாதம் அந்த நினைப்பைப் பற்றியதுதான். ‘பந்துக்குத்தான் போனேன்’ என்று மார்பில் கை வைத்துச் சொன்னால் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. பின்கள ஆட்டக்காரருக்கு மூத்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: பந்து போனால் ஆள் போகக்கூடாது, ஆள் போனால் பந்து போகக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர்கூட எலும்பு முறிவு வார்டுக்கு ஆப்பிள் வாங்கிப் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது தவறு, காயத்தைப் பார்த்துத் தண்டனையை அளப்பது. 2019 நவம்பரில் எவர்ட்டன் மைதானத்தில் டாட்டனம் வீரர் சன் ஹியுங் மின் பின்னாலிருந்து தட்டியதில் எவர்ட்டனின் ஆந்த்ரே கோம்ஸ் நிலை தடுமாறி, கணுக்கால் முறிந்து விழுந்தார். மஞ்சள் அட்டையை எடுத்த ரெஃபரி, முறிந்த காலைப் பார்த்த பிறகு சிவப்புக்கு மாறினார். பிறகு மேல்முறையீட்டில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அந்தச் சிவப்பை ரத்து செய்தது. ரத்து செய்தது சரியே என்பது நம் கருத்து. அந்தத் தட்டல் வழக்கமான மஞ்சள். விபத்து அதைப் பெரிதாக்கிவிட்டது. இதை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்டட் தெரிய முழங்கால் உயரத்தில் பாய்ந்து, எதிராளி துள்ளிக் குதித்ததால் மட்டும் தப்பித்தால், அதுவும் சிவப்புதான். நம்மூரில் அதற்கு விசிலே கிடைப்பது அபூர்வம்.

இந்தியக் கால்பந்தின் ஆறாத வடு பெங்களூரில் இருக்கிறது. 2004 டிசம்பர் 5, ஸ்ரீ கண்டீரவா மைதானம், ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்த கணத்தில் மோகன் பகான் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கோல்கீப்பருக்குத் தடை விதித்தது. டெம்போ பத்தாம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. ஜூனியர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருந்தால் அந்த மோதலைப் பற்றி விசாரணை நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நினைக்கிறோம். சாவு விழுந்தால் விசாரணை, ஆள் பிழைத்தால் கைகுலுக்கல் என்பது நீதி ஆகாது. கோல்கீப்பருக்கும் அது அநீதிதான்.

இனி, காயப்பட்டவர் யார் என்று பார்ப்போம். ஐரோப்பிய வீரருக்குக் கால் முறிந்தால் கிளப் சம்பளம் தரும், மருத்துவர் வீட்டுக்கு வருவார். சித்தூர்த் தாலுகாவில் பனையேறிக் கள் இறக்குகிறவருக்கும், முதலமடைத் தோப்பில் மாங்காய் பறிக்கிறவருக்கும், உடும்பன்சோலை ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிறவருக்கும் கால்தான் மூலதனம். கீழ்க்கால் எலும்பு கூடிச் சரிவில் நின்று வேலை செய்ய மாதக் கணக்கில் ஆகும். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பட்ட அடி வேலையிடத்து விபத்தாகாது என்பதால் முதலாளியிடம் இழப்பீடும் கேட்க முடியாது. தொண்ணூறு நிமிட ஆட்டக்காரர்களுக்காக எழுதிய தண்டனை அட்டவணையை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டினால், அடித்தவருக்குச் சில ஆட்டம் ஓய்வு, அடிபட்டவருக்கு ஒரு வருடம் கடன். அந்த ஓய்வும் பொய். நாக்கவுட் போட்டியில் அணி தோற்றுவிட்டால் அடுத்த ஆட்டமே கிடையாது. இறுதியாட்டத்தில் உடைத்தால் இன்னும் வசதி.

‘ஆட்டம் என்றால் அடிபடும், தெரிந்துதானே இறங்குகிறார்கள்’ என்பார்கள். சட்டமும் ஒரு எல்லை வரை அப்படித்தான் சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 87, வாள் விளையாட்டை உதாரணம் காட்டுகிறது: ஒத்துக்கொண்டு விளையாடும் இருவரில் ஒருவர், முறைகேடு இல்லாமல் ஆடும்போது மற்றவரைக் காயப்படுத்தினால் அது குற்றமல்ல. முறைகேடு இல்லாமல் என்ற நிபந்தனையை நம் கமிட்டிகள் வசதியாக மறந்துவிடுகின்றன. கொடுங்காயம் விளையும் என்று தெரிந்தே செய்கிற செயலுக்கு அந்தச் சம்மதம் கவசமாகாது. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே. அதற்காக ஒவ்வொரு சறுக்கலுக்கும் போலீஸ் வரட்டும் என்று நாம் கேட்கவில்லை. பந்து எங்கோ இருக்க ஆளைத் தேடிப் போய் மிதிப்பவருக்கு மட்டும் காவல் நிலையம் பொருந்தும். மற்றதற்குப் பணமும் தடையும் போதும்.

பணம் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. 1980-ல் இங்கிலாந்தின் லெமிங்டன் உள்ளூர் லீக்கில், நம் ஊர்ப் போட்டிகளைவிடப் பெரியதொன்றும் அல்லாத ஆட்டத்தில், கால்சா அணிக்காரர் ஒருவர் மூன்று நான்கு கஜத்துக்கு அப்பாலிருந்து ஸ்டட் தெரியச் சறுக்கி வந்து எதிராளியின் காலை முறித்தார். ரெஃபரி வெளியேற்றினார். அடிபட்டவர் நீதிமன்றம் போனார். 4,900 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 1985-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து அழிந்துவிடவில்லை.

இங்கோ குடும்பம் கையேந்த வேண்டியிருக்கிறது. பாலக்காட்டின் ஆர். தனராஜன் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் ஆடியவர். 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடும்போது நெஞ்சைப் பிடித்து விழுந்து இறந்தார். யாரும் அவர்மேல் மோதவில்லை. அது வேறு விஷயம். ஆனால் அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதமே பாலக்காட்டில் உதவி ஆட்டம் நடத்த வேண்டி வந்தது. அதிலும் தற்காலிக கேலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளில் ஆடியவரின் வீட்டுக்கே இதுதான் நிலை என்றால், தோட்ட லயத்தில் இருக்கும் பையனுக்கு யார் உதவி ஆட்டம் நடத்துவார்கள்?

செய்ய முடியாத காரியம் எதையும் நாம் சொல்லவில்லை. மூணாறில் 1941 முதல் நடக்கும் ஃபின்லே ஷீல்டு போட்டியைப் பாருங்கள். ஆடுவது எஸ்டேட் அணிகள். யார் எந்த எஸ்டேட் என்று மைதானம் முழுக்கத் தெரியும். தடை விழுந்தவர் வேறு பெயரில் இறங்க வழியில்லை. எல்லைப்புறத்து மற்ற மைதானங்களில் இல்லாதது இந்த அறிமுகம்தான். அதை உண்டாக்கலாம்.

ஆகவே நம் தீர்ப்பு இது. எதிராளியின் உடலைப் பணயம் வைத்ததற்காகச் சிவப்பு அட்டை வாங்கியவருக்குத் தடையை ஆட்டக் கணக்கில் கொடுக்கக்கூடாது, மாதக் கணக்கில் கொடுக்க வேண்டும்; குறைந்தது மூன்று மாதம், எல்லைக்கு இரு பக்கமும். அந்த அணிக்கு வரும் பரிசுப் பணம் மேடைக்குப் போகுமுன் அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கூலிக்கும் போக வேண்டும். எட்டாத மிச்சத்தைக் கமிட்டி நுழைவுக் கட்டணத்திலிருந்து தர வேண்டும். விபத்துக் காப்பீடு எடுக்காத போட்டிக்குப் பஞ்சாயத்து அனுமதி தரக்கூடாது. சிவப்பு காட்டிய ரெஃபரியைக் கமிட்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு அட்டையைத் திரும்ப வாங்க வைத்தால், அந்தக் கமிட்டிக்கும் அடுத்த வருடம் மைதானம் இல்லை.

தடைப் பட்டியலை யார் வைத்திருப்பது, எப்படி அனுப்புவது என்ற கேள்வி வரும். கெஸ்ட் ஆட்டக்காரர்களின் ரேட்டைப் பேசி முடிக்க ஒவ்வொரு கமிட்டியும் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறது. சிவப்பு வாங்கியவரின் படமும் தேதியும் அதிலேயே போகட்டும்.