கடைமடையும் கணிப்பொறியும்

குறுவை நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் தஞ்சை ஜில்லாவின் பல இல்லங்களில் ஒரு வாதம் கிளம்புவதை நாம் அறிவோம். வீட்டில் சொற்ப விலைக்கு வாங்கிய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதில் விளையாட்டுகள் திணறித் திணறி ஓடுகின்றன. "புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுங்கள், அப்பா" என்கிறான் பிள்ளை. "உரக்கடைப் பாக்கியே தீரவில்லை, விளையாட்டுக்கா பணம்?" என்கிறார் தகப்பனார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அடைப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இது புதிய தத்துவமன்று. ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்து, கல்லணையிலிருந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் தாராளமாக நீர் விட்டாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். கணிப்பொறியிலும் எந்த உறுப்பு மிகக் குறுகலோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கிறது. மற்ற உறுப்புகளுக்குக் கொட்டும் பணம் வீண்.

முதற் சீர்திருத்தத்துக்குச் சல்லிக்காசு செலவில்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசியைத் துடைக்க வேண்டும். அறுவடைக் காலத்துத் தூசி விசிறியை அடைத்துக்கொண்டால் உள்ளே வெப்பம் ஏறுகிறது. வெப்பம் ஏறினால் பிராஸஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இரண்டாவது, சேமிப்பகம். பழைய ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி. சுமார் 500 மெகாபைட் படிக்கும். இதனால் காத்திருக்கும் நேரம் குறையுமேயன்றி, ஓடும் விளையாட்டின் பிரேம் எண்ணிக்கை பெரிதாக உயராது. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நாம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, ராம் என்னும் நினைவகம். 8 ஜி.பி.யை 16 ஆக்குவது பல புதிய விளையாட்டுகளுக்கு உதவும். 16 ஜி.பி.யை ஒரே துண்டாகப் போடுவதைவிட 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாகப் போடுவது சிலாக்கியம். அப்போது இரு வாய்க்கால்களில் நீர் பாய்கிறது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறி இந்த நினைவகத்தையே படத்துக்கும் பயன்படுத்துவதால், அதற்கு லாபம் அதிகம். டி.டி.ஆர்.4 இடத்தில் டி.டி.ஆர்.5 பொருந்தாது என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியபடியால், பரிசோதித்து வாங்கும் பழைய துண்டு குற்றமாகாது.

இனி, பிள்ளை கேட்ட கார்டுக்கு வருவோம். அது தேவைதானா என்பதற்கு வீட்டிலேயே ஒரு பரீட்சை உண்டு. விளையாட்டின் திரையளவை 1920-க்கு 1080 என்பதிலிருந்து 1280-க்கு 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் அடைப்பு கார்டில் இருக்கிறது. உயரவில்லையென்றால் பெரும்பாலும் பிராஸஸரில் இருக்கிறது. புதுக் கார்டு வாங்கியும் பிரயோஜனம் இராது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 60 படங்களையே காட்டும். அதற்கு மேல் கார்டு உற்பத்தி செய்வது, கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகும் உபரி நீரைப் போன்றது.

கார்டு வாங்குவதென்று தீர்மானித்தால் பவர் சப்ளையை மறக்கலாகாது. மதர்போர்டிலுள்ள கார்டு இடம் 75 வாட் வரைதான் தரும். ஆர்.டி.எக்ஸ். 3060 போன்ற கார்டு 170 வாட் கேட்கிறது. அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டுமென்று அதைத் தயாரிக்கும் என்விடியா கம்பெனியே சொல்கிறது. மின் அழுத்தம் ஏறி இறங்கும் கிராமங்களில் மலிவான பவர் சப்ளை பழுதானால், தன்னோடு மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடக் கூடும். சிக்கனம் செய்யக் கூடாத இடம் இது ஒன்றே.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் வந்தது போன்ற மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் உறுப்பை மாற்ற வழியில்லை. நினைவகமும் சேமிப்பகமும் மட்டுமே நம் கைவசம். அதனால் மனம் தளர வேண்டாம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வாயிலாகச் சொல்லும் 'வெண்பா' என்ற விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. பெரிய கார்டு எதையும் கேட்காத அதைத் தாயும் மகனும் சேர்ந்தே ஆடலாம்.

வகுப்பறையில் இருபது வருஷங்களாகப் பிள்ளைகளைப் பார்த்து வரும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. மேற்சொன்ன பரீட்சைகளைப் பையனே செய்து, எண்களைக் காகிதத்தில் எழுதி, எது முதலில், எது பிறகு, எது வேண்டாம் என்று தகப்பனாரிடம் கொடுக்கட்டும். அவரும் அதைப் படித்த பிறகே தீர்ப்புச் சொல்லட்டும். பிடிவாதம் பிடித்த பிள்ளை கணக்குக் காட்டிப் பேசும் பிள்ளையாகிவிட்டால், அந்தச் செலவை விளையாட்டுச் செலவு என்று நாம் எழுதமாட்டோம். படிப்புச் செலவில்தான் சேர்ப்போம்.