வீடு தேடிச் சென்றால் மட்டும் போதுமா?

சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 2030ஆம் ஆண்டுக்குள் 65 வயதை எட்டியவராகவோ கடந்தவராகவோ இருப்பார். அவர்களில் சிலருக்கு நீரிழிவு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு எனப் பல நோய்கள் ஒன்றுசேர்ந்திருக்கும். கூடவே தனிமையும் பணத் தட்டுப்பாடும் வாட்டும். வீடு திரும்பிய சில வாரங்களில் மீண்டும் மருத்துவமனையில் சேரும் அபாயம் இத்தகையோருக்கே அதிகம்.

இதைத் தவிர்க்க, 2017ல் ‘ஹாஸ்பிட்டல் டு ஹோம்’ திட்டம் தொடங்கியது. வீடு திரும்பியவர்களைத் தாதியர் உள்ளிட்ட குழுவினர் தொடர்ந்து கவனிக்கின்றனர். நல்ல முயற்சிதான். ஆனால், இத்தகைய திட்டங்கள் பலன் தருகின்றனவா என்பதை எப்படி அறிவது? சமூகப் பணி படிக்கும் எனக்கு அதை விளக்கியது, அமெரிக்காவின் கேம்டன் நகர அனுபவம்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் அந்த ஏழை நகரில், டாக்டர் ஜெஃப்ரி பிரென்னர் 2002ல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அடிக்கடி மருத்துவமனையில் சேர்வோரின் வீடுகளுக்குத் தாதியரும் சமூக ஊழியரும் சென்று, மருந்துகளைச் சரிபார்த்தனர்; மருத்துவரிடம் உடன் சென்றனர். மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததாகத் தெரியவே, திட்டம் நாடெங்கும் புகழ்பெற்றது.

பின்னர் ஆய்வாளர்கள் 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரித்துச் சோதித்தனர். முடிவு 2020ல் வெளியானது. 180 நாள்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர், திட்டத்தில் இருந்த பிரிவில் 62.3 விழுக்காடு, வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 61.7 விழுக்காடு. வேறுபாடே இல்லை எனலாம். நிலைமை மிக மோசமாக இருக்கும் நேரத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், பிறகு அவரது மருத்துவமனைச் சேர்க்கை தானாகவே ஓரளவு குறையும். அந்தக் குறைவுதான் திட்டத்தின் வெற்றியாகத் தோன்றியது.

அதற்காக, வீட்டுப் பராமரிப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது மருத்துவமனைச் சேர்க்கையை. நோயாளியின் நிம்மதியை அல்ல. ஆனால், வழிகாட்ட ஆள் இருந்தும் போய்ச்சேர இடமில்லை என்றால் என்ன பயன்? பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இடம், வீடு தேடி வரும் உணவு, இரவெல்லாம் கண்விழிக்கும் மகளுக்குச் சற்று ஓய்வு ஆகியவை கிடைத்தால்தான் தாதியின் வருகை முழுப் பலன் தரும்.

தாதிமை, மருத்துவம், சமூகப் பணி எனப் பல துறைகளில் நம்மில் பலர் நாளை இப்பொறுப்பை ஏற்கவிருக்கிறோம். ஒரு திட்டத்தால் ‘இத்தனை பேர் பயனடைந்தனர்’ என்று படிக்கும்போது, ‘யாருடன் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?’ என்று கேட்க இப்போதே பழகுவோம்.