நாற்பது ஜெயித்து என்ன பயன்?

"நாற்பதும் ஜெயித்து என்ன சார் பிரயோஜனம்?" என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி. கேட்டவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் கணக்கு படித்தவன். அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

1998-ல் அதிமுகவுக்கு மக்களவையில் 18 பேர்தான். ஆனால் அவர்கள் இல்லாமல் வாஜ்பாய்க்குப் பெரும்பான்மை இல்லை. ஆதரவை விலக்கியதும், 1999 ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் ஆட்சி போனது. அதே கட்சி 2014-ல் 37 இடம் பிடித்தது. நம்ம வட சென்னையும் அதில் ஒன்று. ஆனால் பாஜகவுக்குத் தனியாகவே 282 இருந்தது. 18 பேருக்கு இருந்த மவுசு 37 பேருக்கு இல்லை!

அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியாவுக்கு 54 ஓட்டு, ஆனால் அது யாருக்கு என்று முன்பே தெரியும். வேட்பாளர்கள் சுற்றிச் சுற்றி வருவது 19 ஓட்டு உள்ள பென்சில்வேனியாவைத்தான். ஊசலாடும் மாநிலத்துக்குத்தான் மரியாதை.

2024-ல் பாஜகவுக்கு 240, பெரும்பான்மைக்கு 32 குறைவு. கைகொடுத்தவர்களில் தெலுங்கு தேசம் 16, நிதிஷ் கட்சி 12. ஆட்சி அமைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை பட்ஜெட்டில் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு. ஆந்திர மக்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களுக்கும் தலைநகரம் வேண்டும்.

"அப்போ நாமும் ஜெயிக்கிற பக்கமே போடலாமே" என்கிறார் என் மைத்துனர். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. திருப்பி வரும் என்று எழுதுவதற்கு ஓட்டு என்ன மொய்யா? நாம் போட்ட ஓட்டில் குறை இல்லை, கொடுக்கிறவர்கள் முகம் பார்த்துக் கொடுப்பதில்தான் குறை.

மெட்ரோவையே பாருங்கள். தண்டையார்பேட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே ரயில் வந்துவிட்டது. மாதவரம் பக்கம் போகும் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி என்று அதே மாதம் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள் (ஏப்ரலில் நமக்குச் சட்டமன்றத் தேர்தல், ஞாபகம் இருக்கும்). மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததோ 2024 அக்டோபர் 3-ல். மூன்றரை வருஷம்! அதுவரை பெரும்பாரத்தை மாநில அரசுதான் சுமந்தது.

ஒரு மாநிலம் அனுப்பும் திட்டத்துக்கு இத்தனை மாதத்துக்குள் சரி, இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஒரு சட்டம் கேட்கலாம். அதைக் கேட்க ஆட்சியில் பங்கு தேவையில்லை, நாற்பது பேர் போதும். நம்ம எம்.பி. அடுத்த முறை தெருவுக்கு வரும்போது நான் இதைத்தான் கேட்கப் போகிறேன்.