உப்பு "அளவாக" என்றால் எவ்வளவு?



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டு விஷயம் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். "உங்கள் வீட்டில் சமைக்கிற ஒரு சாப்பாட்டை, அதைத் தெரியாத ஒருவர் வாசித்துச் சமைக்கக்கூடிய மாதிரி எழுதி வாருங்கள்." வந்த கொப்பிகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். உப்பு அளவாக. தேங்காய்ப்பால் தேவையான அளவு. பதம் வந்ததும் இறக்கவும். என்ன பதம் என்று கேட்டால், "அது உம்மாக்குத்தான் தெரியும் டீச்சர்."

ஒரு பிள்ளையின் கொப்பி மட்டும் வேறு மாதிரி. அவளுடைய உம்மா குவைத்தில் வேலை செய்கிறார். வொயிஸ் மெசேஜில் கேட்டுக் கேட்டு மீன் ஆணம் எழுதியிருந்தாள். புளி சின்னத் தேசிக்காய் அளவு. முதல்பால் கடைசியில். அதை விட்ட பிறகு தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. மீன் போட்ட பிறகு கரண்டி வைக்காமல் சட்டியைப் பிடித்து அலச வேண்டும். தூரத்தில் இருந்து சொல்ல வேண்டியிருந்ததால் அந்த உம்மா ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருக்கிற உம்மாமாரிடம் யாரும் இவ்வளவு கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"கைப்பக்குவம் எழுத்தில் வராது" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுவதும் வராது, சரி. ஆனால் முக்கால்வாசி வரும். வராது என்று சொல்லிச் சொல்லியே முழுவதையும் மையத்தோடு சேர்த்து அடக்கிவிட்டு வருகிறோம்.

வட்டிலப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருநாளைக்கு எல்லா வீட்டிலும் இருக்கும், ஆனால் ஒரு வீட்டினுடையது மற்ற வீட்டினுடையது மாதிரி இருக்காது. எங்கள் வீட்டுக் கணக்கு 10 முட்டைக்கு அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, தண்ணீர் அதிகம் சேர்க்காமல் பிழிந்த கட்டிப்பால், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். இவ்வளவையும் எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம். உம்மம்மா செய்ததில் விஷயம் வேறு. முட்டையை நுரை வரும்படி அடிக்க மாட்டா, கரைய மட்டும் அடிப்பா. கருப்பட்டியைக் கரைத்து வடித்து, நன்றாக ஆறிய பிறகுதான் முட்டையோடு சேர்ப்பா. சூட்டோடு ஊற்றினால் முட்டை திரைந்துவிடும். வட்டிலின் மேல் துணி கட்டி மூடுவா, மூடியில் வடிகிற ஆவித்தண்ணீர் உள்ளே சொட்டாமல் இருக்க. நெருப்பு கடைசி வரை மெல்லியதாகவே எரியும். நெருப்பு கூடினால் உள்ளே கண் கண்ணாக ஓட்டை விழும். (அந்த ஓட்டையைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.) இவ்வளவும் எழுத்தில் வந்துவிட்டதா இல்லையா?

சமையல் புத்தகங்களைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். "புத்தகம் பார்த்தா ஆணம் காய்ச்சுறது?" என்பார்கள். எனக்குப் புத்தகம் பிடிக்கும். ஒரு புதுக் குறிப்பை வாசித்தால், வீட்டில் இருக்கிற சாமானை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யோசனை ஓடும். இன்னொன்றும் உண்டு. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகத்தை இன்றும் தேடி வாங்குகிறார்கள். தமிழில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. அது சைவச் சமையல், நம்முடையது அல்ல. ஆனாலும் ஒரு பெண் தன் வீட்டுச் சமையலை, கலியாணம் முடித்துத் தூரம் போகிற பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று உட்கார்ந்து எழுதினார், அது இத்தனை வருடம் நின்றிருக்கிறது. நம்முடைய நோன்புக் கஞ்சியையும் பாபத்துக் கறியையும் புளியாணத்தையும் அப்படி உட்கார்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது யாரோ ஒருவரின் உம்மாவுடைய கை. உங்கள் உம்மாவுடையது இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் வீட்டையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டுத்தான் புத்தளத்துக்கு வந்தார்கள். அவர்களோடு வந்தது மனதில் இருந்த சமையல் மட்டும். அன்று நடு வயதில் அடுப்படியில் நின்றவர்கள் இன்று எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும்.

மறைத்து வைக்கிற பழக்கமும் நம்மிடம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மருமகளுக்குக் கறித்தூளின் கணக்கில் ஒன்றைக் குறைத்துச் சொல்கிற மாமிமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மகன் ருசி மாறிவிடக் கூடாது என்ற பயமாக இருக்கும். அந்த மகனுக்கே நேரே சொல்லிக் கொடுத்தால் என்ன? ஆம்பிளைப் பிள்ளைகளும் வெளிநாட்டில் அறை எடுத்துத் தங்கித் தாங்களேதான் சமைக்கிறார்கள். இரவு 11 மணிக்கு வீட்டுக்குப் போன் எடுத்து "ரம்பையை எப்ப போடுறது?" என்று கேட்கிறார்கள்.

உம்மாவிடம் "எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது. கை நிறைய அள்ளுவா, அவ்வளவுதான். அதனால் நான் ஒரு சின்னத் தராசை அடுப்படிக்குக் கொண்டு போனேன். உம்மா அள்ளுகிற ஒவ்வொரு கையையும் சட்டிக்குள் போக முன் தராசில் போடச் சொல்லி நிறுத்தேன். முதலில் ஏசினா, பிறகு சிரித்தா. கஞ்சிக்குப் போடுகிற "கொஞ்சம் வெந்தயம்" 6 கிராம். மூன்று நாள் நிறுத்துப் பார்த்தேன், மூன்று நாளும் அதேதான். பதத்துக்குத் தராசு உதவாது. அதற்குப் பக்கத்தில் நின்று, "இப்ப ஏன் இறக்கினீங்க?" என்று அந்த நிமிடமே கேட்க வேண்டும். வாசம் மாறினதா, எண்ணெய் மேலே வந்ததா, கொதிக்கிற சத்தம் குறைந்ததா? ஏதோ ஒன்று சொல்லுவா. அதை அப்படியே, அவவுடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தி அழகாக்க வேண்டாம். தேங்காய் விலை ஏறினபோது எதைக் குறைத்துச் சமாளித்தா, 2022இல் கேஸ் இல்லாமல் விறகில் என்ன மாற்றம் செய்தா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் குறிப்புத்தான்.

நோன்புக்கு முதல் ஒரு கொப்பியில் 10 சாப்பாடாவது எழுதி முடிக்க நினைத்திருக்கிறேன். இப்போதைக்கு 4 ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டு வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை, எவ்வளவு கருப்பட்டி? உம்மாவிடமோ ராத்தாவிடமோ கேட்டு கீழே எழுதுங்கள். "அளவாக" என்று மட்டும் எழுத வேண்டாம்.