விடை சொல்ல மறுத்தவர்

படிக்கப்படாத எழுத்துகளைப் பற்றித் தமிழில் எழுதும் நமக்கும், அதைப் படித்து மகிழும் நமக்கும், பிடித்த கதை ஒன்று உண்டு. 1936-ல் லண்டனில் ஒரு கண்காட்சி. கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையைத் தோண்டியெடுத்த ஆர்தர் எவான்ஸ் பேசுகிறார். அங்கே கிடைத்த களிமண் பலகைகளை யாராலும் படிக்க முடியவில்லை என்கிறார். அதைக் கேட்கும் பதினான்கு வயதுப் பையன் மைக்கேல் வென்ட்ரிஸ் மனத்தில் ஒரு வைராக்கியம் பிறக்கிறது. கல்லூரியில் கிரேக்கமோ லத்தீனோ படிக்காத அவன் கட்டடக் கலைஞனாகிறான். 1952 ஜூலை 1 அன்று, அந்த எழுத்தில் இருப்பது கிரேக்க மொழி என்று பிபிசி வானொலியில் அறிவிக்கிறான். நான்கு ஆண்டுகள் கழித்து 34 வயதில் கார் விபத்தில் இறந்துபோகிறான். நாயகன், தேடல், வெற்றி, அகால மரணம் எல்லாம் இருக்கிற கதை. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

இந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் நாம் ஒருவரை விட்டுவிட்டோம். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆலிஸ் கோபர்தான் அவர். அவரைத் தெரியாமல் விட்டோம் என்றும் சொல்லித் தப்ப முடியாது. வென்ட்ரிஸோடு இணைந்து உழைத்த ஜான் சாட்விக் 1958-ல் எழுதிய நூலிலேயே கோபர் என்ன செய்தார் என்பது இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. நாம்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிக்கொண்டு 1952-க்கு ஓடினோம்.

அவர் வாழ்க்கையில் திருப்பங்கள் குறைவு. அதுவும் நாம் தாண்டிப்போனதற்கு ஒரு காரணம். ஹங்கேரியிலிருந்து 1906-ல் அமெரிக்கா வந்த பெற்றோருக்கு அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று பிறந்தார். அப்பா இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலாளி; பிற்பாடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். மகள் ஹண்டர் கல்லூரியில் லத்தீன் படித்து 1928-ல் பட்டம் வாங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டே முதுகலை, 1932-ல் முனைவர் பட்டம். கிரேக்கக் கவிஞர்கள் நிறங்களைக் குறிக்கும் சொற்களை எப்படிக் கையாண்டார்கள் என்பது ஆய்வுப் பொருள். புரூக்ளின் கல்லூரி தொடங்கப்பட்ட 1930-லேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், 1935-ல் உதவிப் பேராசிரியர் ஆனார். இணைப் பேராசிரியர் பதவி வந்து சேர 1950 ஆனது. திருமணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் போன பிறகு தாயும் மகளும் ஒரே வீட்டில்.

பகலெல்லாம் வகுப்பு. தொடக்கநிலை லத்தீன், கிரேக்கம், மொழிபெயர்ப்பில் செவ்வியல் இலக்கியம் என்று முழு நேரப் பாடச்சுமை. கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் இருந்ததால் பிரெயில் கற்றுக்கொண்டு பாடநூல்களையும் தேர்வுத்தாள்களையும் அவரே பிரெயிலில் மாற்றித் தந்தார். இதற்கெல்லாம் பிறகு இரவில்தான் கிரீட் தீவுப் பலகைகள். லீனியர் பி என்று எவான்ஸ் பெயரிட்ட அந்த எழுத்துக்காக அவர் அக்காடியன், ஹிட்டைட், பழைய பாரசீகம், சமஸ்கிருதம், பாஸ்க் என்று மொழிமொழியாகப் படித்தார். சமஸ்கிருதத்துக்காக யேல் பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறிப் போய்வந்தார். இவற்றில் ஏதோ ஒன்றுதான் பலகைகளின் மொழி என்ற எண்ணத்தில் இல்லை. மொழிகள் எத்தனை விதமாக நடந்துகொள்ளும் என்று பார்த்துவைப்பதற்காக.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை. வாழ்த்து அட்டைகள், தேவாலயச் சுற்றறிக்கைகள், தேர்வு விடைத்தாளின் மேலட்டைகள், நூலகச் சீட்டுகள் என்று கிடைத்ததையெல்லாம் ஒரே அளவில் வெட்டிக் குறிப்பட்டைகள் ஆக்கினார். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வருகிறது, எந்தச் சொல்லின் கடைசியில் எது வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஓயாமல் புகைப்பவர் என்பதால் சிகரெட் அட்டைப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் அடுக்கிவைத்தார். சுமார் 1,80,000 அட்டைகள், நாற்பது குறிப்பேடுகள். இப்போது எல்லாம் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. கோபரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் சிலருக்கும் இந்தச் சிகரெட் பெட்டிகள் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. அட்டைகளிலிருந்து அவர் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

சொல்லிப் பார்க்கலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமே இல்லை. தேரை, தேரில், காலை, காலில், வாயை, வாயில். தமிழே தெரியாத ஒருவர் கையில் இந்தச் சொற்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதுவும் ரை, ரி இரண்டுக்கும் சாயலே இல்லாத, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனிக் குறியீடு போட்ட ஒரு லிபியில். ஓர் ஒலிகூடத் தெரியாமல் அவர் என்ன சொல்ல முடியும்? ஒரே சொல் ஈறு மாறி வருகிறது, மாறும் இடத்தில் இரண்டு குறியீடுகள் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன. ஆகவே அவை இரண்டும் ஒரே மெய்யில் தொடங்குகின்றன என்று சொல்லலாம். தேரையிலும் காலையிலும் வாயையிலும் ஒரே வேற்றுமை இருக்கிறது, ஆகவே ரை, லை, யை மூன்றுக்கும் ஒரே உயிர் என்றும் சொல்லலாம். அது என்ன மெய், என்ன உயிர் என்று தெரியாது. தெரியாமலேயே கட்டம் போட்டு, ஒரே மெய் ஒரு வரிசையில், ஒரே உயிர் ஒரு பத்தியில் என்று வைக்க முடியும். நம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையை, ஒலிகளை அழித்துவிட்டு, வெறுங்கட்டங்களாகக் கட்டி எழுப்பும் வேலை இது.

கோபர் செய்தது இதைத்தான். 1945, 1946, 1948 ஆண்டுகளில் அமெரிக்கத் தொல்லியல் ஆய்விதழில் வந்த அவருடைய மூன்று கட்டுரைகளில் படிப்படியாக இது வளர்ந்தது. முதல் கட்டுரை, தேர்களைக் கணக்கெடுத்த பலகைகளை வைத்து, இந்த மொழியில் சொற்கள் ஈறு மாறுகின்றன என்று காட்டியது. அடுத்தது, மூன்று மூன்று வடிவங்களாகத் திரியும் பெயர்ச்சொற்களைத் தொகுத்தது. பிற்பாடு ‘கோபரின் மும்மைகள்’ என்று பெயர் பெற்றவை அவைதான். 1948-ல் பத்துக் குறியீடுகளைக் கொண்ட ஒரு சிறு கட்டம்; ஐந்து மெய், இரண்டு உயிர். அதற்குமேல் ஒரு குறியீட்டைக்கூட அவர் சேர்க்கவில்லை. சான்று அவ்வளவுக்குத்தான் இருந்தது.

பலகைகளின் அடியில் வரும் கூட்டுத்தொகைச் சொல் ஆண்களையும் ஆண் விலங்குகளையும் எண்ணும்போது ஒரு வடிவத்திலும், பெண்களையும் பெண் விலங்குகளையும் எண்ணும்போது வேறு வடிவத்திலும் வருகிறது என்று 1949-ல் காட்டினார். மொழியின் பெயர் தெரியாத நிலையிலேயே அதில் பால் பாகுபாடு உண்டு என்பது தெரிந்துவிட்டது.

அது என்ன மொழி என்று மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்டவர்களிடமும் சொல்ல மறுத்தார். ஹிட்டைட் மொழியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெரும் அறிஞர் ஹ்ரோஸ்னி இந்தப் பலகைகளையும் படித்துவிட்டதாகச் சொன்னபோது, அதில் ஆதாரம் இல்லை என்று தயங்காமல் எழுதினார். வென்ட்ரிஸோ பதினெட்டு வயதில், 1940-ல், இது எட்ருஸ்கன் மொழிக்கு உறவானது என்று கட்டுரை எழுதியவர். 1952 வரை அந்த எண்ணத்தை முழுக்கக் கைவிடவில்லை. அவர் 1950 வாக்கில், என்ன மொழியாக இருக்கும், எந்தக் குறியீடு எந்த ஒலி என்று உலகத்து அறிஞர்களுக்குக் கேள்விப்பட்டியல் அனுப்பினார். இது நேர விரயம் என்று கோபரிடமிருந்து பதில் போனது. முரட்டுப் பதில்தான். இங்கே ஒரு கருத்தரங்கில் இப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த ஆண்டு அவரை அழைத்திருக்க மாட்டோம்.

அவருடைய காலத்தின் பெரும்பகுதி மற்றவர்களின் வேலைக்குப் போனது. எவான்ஸ் 1941-ல் இறக்கும்போது, தான் தோண்டியெடுத்த ஆயிரக்கணக்கான பலகைகளில் மிகச் சிலவற்றைத்தான் அச்சில் வெளியிட்டிருந்தார். ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இருநூறு. மீதியைப் பதிப்பிக்கும் பொறுப்பு முதிய வயதில் உடல்நலம் கெட்டிருந்த ஜான் மைர்ஸ் தலையில் விழுந்தது. குகன்ஹைம் உதவித்தொகையில் ஓராண்டு விடுப்பு கிடைத்ததும் கோபர் 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டு போய் அந்தப் பலகைகளைக் கையால் பெயர்த்தெழுதினார். பிறகு மைர்ஸின் நூலுக்குத் திருத்தம் பார்த்தார், தட்டச்சு செய்தார், பிழைகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். சொந்த ஆய்வுக்கு வைத்திருந்த மாதங்கள் இதில் கரைந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இடம் வரும்போல இருந்தது, வரவில்லை. 1950 மே 16 அன்று, 43 வயதில், இறந்தார். மைர்ஸின் அந்த நூல் வெளிவந்தது 1952-ல்.

அதே ஆண்டுதான் வென்ட்ரிஸ் புதிரை உடைத்தார். கிரீஸின் பைலோஸில் கிடைத்த, இதே எழுத்தில் அமைந்த பலகைகளை ஆய்வாளர் எமெட் பென்னட் 1951-ல் பதிப்பித்தார். அவை கைக்கு வந்ததும் வென்ட்ரிஸ் கோபரின் முறையைப் பெரிதாக்கிப் பல குறியீடுகளை வரிசைப்படுத்தினார். கோபரின் மும்மைகள் கிரீட் தீவின் ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று துணிந்து ஊகித்தார். அம்னிசோஸ், நாசஸ், டைலிசோஸ். ஒரு பூட்டு திறந்ததும் மற்றவை திறந்துகொண்டன. அந்தத் துணிச்சல் வென்ட்ரிஸுடையது, அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. அவர் எதையும் திருடவில்லை. சமீப ஆண்டுகளில் சிலர் கதையைத் திருப்பிப் போட்டு அவரை வில்லனாக்குகிறார்கள். பழைய நாயகன் போய்ப் புதிய நாயகி வந்ததோடு சரி, கட்டத்தை அப்போதும் யாரும் பார்ப்பதில்லை.

கோபர் இன்னும் இரண்டு ஆண்டு இருந்திருந்தால் அவரே படித்திருப்பாரா என்ற கேள்வியும் அப்படித்தான். மார்கலிட் ஃபாக்ஸ் 2013-ல் கோபரைப் பற்றி விரிவான நூல் எழுதிய பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அவர் உழைப்புக்கு மதிப்புத் தர, அவர் விடையைச் சொல்லியிருப்பார் என்று நாம் முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. விடைதான் அளவுகோல் என்பதை அப்போதும் விடுவதாக இல்லை.

இந்த அளவுகோலை நாம் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொடரடைவை 1977-ல் இந்தியத் தொல்லியல் துறை வழியாக வெளியிட்டார். 417 குறியீடுகள், எந்தக் குறியீடு எங்கே, எதற்கு முன், எதற்குப் பின், எந்த ஊர் முத்திரையில் என்று கணினியின் துணையோடு அட்டவணையாகத் தொகுத்த நூல். கோபர் கையால் வெட்டிய அட்டைகளுக்கு நம் ஊரில் அமைந்த தம்பி அது. மகாதேவனை நாம் கொண்டாடவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எதற்காகக் கொண்டாடினோம்? சிந்துவெளி மொழி திராவிடம் என்ற கருத்தை அவர் ஆதரித்ததற்காக. அந்த அட்டவணைகளைத் திறந்து ஒரு பக்கத்தையாவது நிதானமாகப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சங்க நூல்களுக்குச் சொல்லடைவு செய்தவர்களுக்கும் இதே கதிதான். வ. அய். சுப்பிரமணியம் 1962-ல் புறநானூற்றுக்கு அடைவு வெளியிட்டார். அதைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதுவோம், அடிக்குறிப்பில் அவர் பெயர் போட மறப்போம்.

வென்ட்ரிஸ் கதையை நாம் மேடைதோறும் எதற்குப் பயன்படுத்தினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துறை சாராதவர் ஒருவர் லீனியர் பி-யைப் படித்தார், ஆகவே நம்மவர் யாரும் சிந்துவெளி எழுத்தைப் படித்துவிடலாம் என்று தைரியம் சொல்ல. கோபரைக் கதையில் சேர்த்தால் அந்தத் தைரியம் நிற்காது. ஈறு மாறுவதைப் பார்க்கத் தொடர்களும் சொற்களும் வேண்டும். அரண்மனைக் கணக்குப் பலகைகளில் அவை இருந்தன. சிந்துவெளி முத்திரை ஒன்றில் சராசரியாக ஐந்து குறியீடுகள்தான். கோபரின் முறை அங்கே தடுமாறும். தடுமாறுகிற இடத்தில் நிறுத்தியிருப்பார் அவர். நாம் அந்த இடத்தில்தான் பேசத் தொடங்குகிறோம்.

2025 ஜனவரியில், சிந்துவெளி நாகரிக அறிவிப்பின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் நடந்த கருத்தரங்கில், அந்த எழுத்தைத் தெளிவாகப் படித்துத் தருபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, உலகமே திரும்பிப் பார்த்தது. பரிசு படித்தவருக்கு. புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு முத்திரையையும் அடைவில் சேர்த்து, குறியீடுகளைச் சரிபார்த்து, ‘இதுவரைதான் சொல்ல முடியும்’ என்று எழுதி நிறுத்துகிறவருக்கு என்ன தரலாம் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமே ஒருவர் முழுவதையும் படித்துவிட்டதாக மேடையேறினால், அரங்கு நிறைய நாம்தான் இருப்போம்.