காலித் (ரலி) அவர்களும் உறக்கத்தில் திடுக்கிட்டார்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டு ஓர் இரவு ஒன்றரை மணியளவில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இங்குத் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை அவருடைய அத்தாவும் தம்பியும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கைவிரல்கள் மரத்துப்போய் நடுங்கின. "ஹஜ்ரத், நான் மவ்த்தாகப் போகிறேன், கலிமா சொல்லிக் கொடுங்கள்" என்று அவர் திணறித் திணறிச் சொன்னார். ஓதி ஊதினேன். சிறிது நேரத்தில் மூச்சு சீரடைந்தது. அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். "தொழுகையில் எங்கோ குறை வைத்திருக்கிறீர்கள் தம்பி. ஈமான் பலவீனப்பட்டால் இப்படித்தான் பயம் வரும். திக்ரை அதிகப்படுத்துங்கள்" என்று உபதேசமும் செய்து அனுப்பினேன்.

அவர் ஃபஜ்ரு ஜமாஅத்தைத் தவறவிடாதவர். அந்த இரவுக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். உறங்கினால் மீண்டும் அது வந்துவிடும் என்று அஞ்சி, முஸல்லாவின் மீதே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார் என்றும், "அல்லாஹ் என்னை ஒதுக்கிவிட்டானா அத்தா?" என்று கேட்கிறார் என்றும் மூன்று மாதம் கழித்துத்தான் அவருடைய தந்தை என்னிடம் சொன்னார். இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் கோளாறு இல்லை, இது 'பேனிக் அட்டாக்' எனப்படும் பீதித் தாக்குதல் என்று கூறியிருந்தார். நோய் கொடுத்த அச்சம் ஒன்று. நான் கொடுத்த அச்சம் மற்றொன்று. முதலாவதற்கு மருந்து கிடைத்தது. இரண்டாவதற்கு நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆகவே இக்கட்டுரையின் கண்டனம் முதலில் என்னையே சாரும்.

நம் சமுதாயத்தில் இச்சொல் எத்தனை எளிதாகப் புழங்குகிறது என்று பாருங்கள். மகள் நள்ளிரவில் மூச்சுமுட்டி எழுந்தால் "குர்ஆன் ஓதாமல் படுத்திருப்பாள்" என்கிறோம். மருமகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதால் "ஷைத்தானுடைய ஊசலாட்டம்" என்கிறோம். வீட்டுத் தலைவருக்கே வந்தாலோ, மகளின் நிக்காஹ் பேச்சு முறிந்துவிடும் என்று வெளியே தெரியாமல் மறைக்கிறோம். இந்தத் தீர்ப்புகளுக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஓர் அறிவிப்பு பதிவாகியுள்ளது. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், உறக்கத்தில் தாம் திடுக்கிட்டு அஞ்சுவதாக நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அல்லாஹ்வின் வாள் என்று பெயர் பெற்றவர். முஃதா போர்க்களத்தில் ஒன்பது வாள்கள் தம் கையில் உடையும்வரை நின்றவர். அவரிடம் நபி (ஸல்) அவர்கள், உம் ஈமானில் என்ன குறை என்று வினவவில்லை. அல்லாஹ்வின் முழுமையான வார்த்தைகளைக் கொண்டு பாதுகாவல் தேடும் துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். உறக்கத்தில் அஞ்சுவோருக்கான இந்த துஆ அபூதாவூதிலும் திர்மிதியிலும் கூட இடம்பெற்றுள்ளது. இரவில் அஞ்சியவர்கள் அந்தச் சிறந்த தலைமுறையிலும் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? காலித் (ரலி) அவர்களிடம் கேட்கப்படாத கேள்வியைச் சிட்கோ தொழிலாளியிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

"அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதியடையும் என்று குர்ஆன் கூறவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். ஆம், ஸூரத்துர் ரஅதின் அந்த வசனம் சத்தியம். அது நோயாளிக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி. அவனுடைய இதயத் துடிப்பை எண்ணி ஈமானை அளப்பதற்குத் தரப்பட்ட தராசு அன்று. யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதையும், மூஸா (அலை) அவர்கள் தம் உள்ளத்தில் அச்சத்தை உணர்ந்ததையும், மூஸாவின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதையும் அதே குர்ஆன்தான் கூறுகிறது. இவர்களில் எவரும் திக்ரு செய்யாதவர் என்று சொல்ல நாவு எழுமா? நபி (ஸல்) அவர்களே கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடியதாக அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது.

இந்தத் தாக்குதல் எப்படி நிகழ்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆபத்து வரும்போது உடலை ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயாராக்கும் ஓர் எச்சரிக்கை ஏற்பாட்டை அல்லாஹ் நம்முள் வைத்திருக்கிறான். அட்ரினலின் சுரக்கும், இதயம் விரைந்து துடிக்கும், மூச்சு வேகமெடுக்கும். ஆபத்து ஏதுமில்லாத வேளையிலும் இந்த எச்சரிக்கை மணி தானே ஒலித்துவிடுவதுதான் பீதித் தாக்குதல். மூச்சு மிகையாக வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தணிந்துவிடும். உறங்கத் தொடங்கிய சில மணி நேரத்திற்குள், ஆழ்ந்த உறக்கத்தை நோக்கிச் செல்லும் நிலையிலேயே பெரும்பாலும் இது வருகிறது. கெட்ட கனவு கண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உறங்கிக்கொண்டிருப்பவனின் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று ஹதீஸ் கூறும்போது, அந்த உறக்கத்தில் வந்ததற்கு அவனைக் குற்றவாளியாக்குவது எந்த நியாயம்?

"அப்படியானால் ஜின் இல்லை என்கிறீர்களா?" என்ற கேள்வி அடுத்து வரும். ஜின்கள் உண்டு, அதை மறுப்பவன் குர்ஆனை மறுக்கிறான். ஆனால் மறைவானதை நம்புவது வேறு. இன்னாரின் நெஞ்சுப் படபடப்பு இன்ன ஜின்னால் வந்தது என்று தீர்ப்பளிப்பது வேறு. முன்னது ஈமான். பின்னது அறிவின்றிப் பேசுவது. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்தால் விளைவுக்கு அவனே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூதும் நஸாயீயும் பதிவு செய்துள்ளனர். தாயத்துக்கு ஆயிரம், தண்ணீருக்கு இரண்டாயிரம் என்று வாங்கிக்கொண்டு "மாத்திரையை நிறுத்துங்கள், மாத்திரை சாப்பிட்டால் என் ஓதல் பலிக்காது" என்று கூறுவோர் இந்த எச்சரிக்கையை ஒருமுறை படிக்கட்டும்.

நோயை நோய் என்று அழைக்க மறுக்கும் இப்பழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். தர்ஹா ஸியாரத்தைப் பற்றிய வாதம் இங்கு வேண்டாம். அதற்கு வேறு இடம் உண்டு. எல்லாச் சமயத்து மக்களும் நம்பிக்கையோடு வரும் ஓர் ஊரில், மருத்துவரிடம் காட்டப்பட வேண்டிய மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள் என்பதே என் வேதனை. அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி இரும்பில் செய்யப்பட்டதன்று. "இது நோயன்று, இவனுக்குள் வேறு ஏதோ இருக்கிறது" என்று ஏதோ ஒரு வீட்டில் எவரோ சொன்ன சொல்லே அது.

அந்தத் தீக்குப் பிறகு அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துள்ளது. இன்று அதே ஏர்வாடியில், துஆவுக்காக வருவோர்க்கு மனநல மருத்துவரின் சிகிச்சையும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விரட்டுவன அல்ல என்பதை அரசு புரிந்துகொண்டது. நம் வீட்டுத் திண்ணைகள் எப்போது புரிந்துகொள்ளும்?

இது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சிந்தனை என்று எவரும் எண்ண வேண்டாம். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) 'மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ்' என்ற நூலில், உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்திற்கு ஒரு பகுதியும் ஒதுக்கி எழுதினார். கோபம், அச்சம், துக்கம், மனத்தை விடாது அரிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பரிகாரம் ஆராய்ந்தார். சிரியாவின் ஹலப் நகரில் 1354இல் எழுப்பப்பட்ட அர்கூன் மாரிஸ்தானில் மனநோயாளிகளுக்கென நீரூற்று முற்றங்கள் அமைந்திருந்தன. நம் முன்னோர் நோயாளிக்கு நீரோசையைக் கொடுத்தார்கள். நாம் அவனுக்கு ஏச்சைக் கொடுக்கிறோம். சென்னையில் 1794 முதல் தொடரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரையே வசைச்சொல்லாக்கி, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நம் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பலர் மருத்துவமனையின் படியை மிதிப்பதில்லை.

அப்படியானால் நள்ளிரவில் அது வரும்போது என்ன செய்வது?

முதன்முறையாக நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், இது பீதிதான் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மயக்கம் வந்தாலும், தாமதியாமல் 108ஐ அழையுங்கள். தைராய்டு, இரத்தசோகை, ஆஸ்துமா, இதயத் துடிப்புக் கோளாறு முதலியவையும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால் பரிசோதனை கட்டாயம். பீதித் தாக்குதல்தான் என்று மருத்துவர் உறுதி செய்த பின், மறுமுறை வரும்போது எழுந்து உட்காருங்கள். பாதங்கள் தரையில் பதியட்டும். மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் மூச்சை விடுங்கள். அதனோடு போராடாதீர்கள், அலைபோல் எழுந்து அடங்கும் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். இயன்றால் ஒளூ செய்யுங்கள். ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும் ஒரு 'அல்லாஹ்' போதும். எண்ணிக்கை வேண்டாம், பரீட்சையும் வேண்டாம்.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியதை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் காட்டித் தந்தார்கள். வஹீயின் கனத்தை நம் நோயோடு ஒப்பிடுவதிலிருந்து அல்லாஹ் காப்பானாக. நான் சுட்டுவது அன்னையின் நடத்தையை மட்டுமே. நடுங்கி வந்தவர்களைப் போர்த்தினார்கள். அல்லாஹ் உங்களை இழிவுபடுத்தமாட்டான் என்று, அவர்கள் செய்த நன்மைகளையே எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். பின்னர், விவரம் அறிந்த வரகா பின் நவ்ஃபலிடம் தாமே அழைத்துச் சென்றார்கள். கணவருக்கு மனைவியும், மகளுக்குத் தாயும், மாணவனுக்கு ஆசிரியரும் இதையே செய்தால் போதும்.

உறங்கும்முன் கடைசி மூன்று ஸூராக்களை ஓதி உள்ளங்கையில் ஊதி மேனியில் தடவிக்கொள்வது ஸுன்னத். அதற்குக் கூலி வாங்கும் ஆள் தேவையில்லை. பகலில் மருத்துவரைப் பாருங்கள். இந்நோய்க்கு உரையாடல் வழியான சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு. சில மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவது புதிய அடிமைத்தனத்தில் தள்ளும். ரமலானில் மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்திருப்பதை மறவாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வாழ விருப்பமில்லை என்று எவரேனும் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்.

இறுதியாக, என் போன்ற உலமாக்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த நோய்க்கும் அதற்குரிய நிவாரணியை இறக்காமல் அல்லாஹ் விட்டதில்லை என்ற ஹதீஸைச் சர்க்கரை நோய்க்குச் சொல்கிறோம், இரத்த அழுத்தத்திற்குச் சொல்கிறோம். மனநோய் வந்ததும் அதே ஹதீஸை ஏன் மூடி வைக்கிறோம்? இந்த மாதத்தின் ஒரு ஜுமுஆ பயானை இதற்காக ஒதுக்குங்கள். 14416 என்ற எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், ஜமாஅத் நேரங்களுக்குக் கீழே எழுதி வையுங்கள்.

அந்த இளைஞர் இப்போது மீண்டும் ஃபஜ்ருக்கு முன் வரிசையில் நிற்கிறார். மாத்திரையும் சாப்பிடுகிறார், திக்ரும் செய்கிறார். இனி எவரேனும் நள்ளிரவில் என் கதவைத் தட்டினால், முதலில் ஒரு போர்வையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுப்பேன். உபதேசம் விடியும்வரை காத்திருக்கட்டும்.

யா அல்லாஹ், எங்கள் இரவுகளை அமைதியாக்குவாயாக. அஞ்சுவோருக்கு எங்கள் நாவால் தீங்கு நேராமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.