"ஆம்பளப் பையனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான்?"

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன மாதம் நம் வீட்டில் ஒரு மஞ்சள் நீராட்டு. உளுந்தங்களி கொடுத்தீர்களா, நல்லெண்ணெய் கொடுத்தீர்களா, ரத்தம் பார்த்தீர்களா என்று அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஆளாளுக்கு விசாரணை. நல்ல விஷயம்தான். அவள் தம்பிக்கு 11 வயது. ஓரமாக உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான். கழுத்தின் பின்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை. "அழுக்கு மாமா, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ச்சும் போகலை" என்றாள் அவன் அம்மா. அது அழுக்கில்லைம்மா. எடை கூடிய பிள்ளைகளுக்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தோல் இப்படிக் கறுக்கும். கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள் என்று கேட்டேன். அவன் அப்பா சொன்ன பதில்தான் மேலே இருக்கும் தலைப்பு.

34 வருடம் பெற்றோர் கூட்டங்களில் இதைக் கேட்டவன் நான். சொன்னவனும்கூட.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். ஒரு நாள் காலை முதல் பீரியடிலேயே வயிறு வலி என்றான். அன்று கணக்குப் பரீட்சை. நடிக்கிறான் என்று நினைத்து, "ஆம்பளப் பிள்ளை, இதுக்கெல்லாமா அழுவாங்க? உட்கார்ந்து எழுது" என்று அதட்டினேன். எழுதினான். வலி வயிற்றில் மட்டுமில்லை, அதற்கும் கீழே. வெட்கத்தில் என்னிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. மறுநாள் நடக்க முடியாமல் போனபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தது. சுமார் 6 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். ஒன்றை எடுத்துவிட்டார்கள். அவன் அந்தப் பரீட்சையில் 41 மார்க். அந்தத் தாளைத் திருத்தியவன் நான்தான்.

வருடா வருடம் டாக்டரிடம் போனால் மட்டும் முறுக்காதா என்று கேட்பீர்கள். முறுக்கும். ஆனால் வருடம் ஒருமுறை அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்க, ஒரு டாக்டர் அந்த இடத்தையும் பார்த்து, "இங்கே வலித்தால் உடனே சொல்லணும், இதில் வெட்கமில்லை" என்று சொல்லியிருந்தால், அவன் என்னிடம் வயிறு வலி என்று சொல்லியிருக்க மாட்டான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் வருடம் ஒருமுறை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கடன் வாங்கி லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டும் உங்கள் பள்ளிக்கு அந்தத் திட்டம் கிடையாது. நீங்களாகத்தான் கூட்டிப் போக வேண்டும். கிரிக்கெட் கோச்சிங்குக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை!

பெண் பிள்ளைகளுக்கு நாம் எல்லாம் செய்துவிட்டோம் என்றும் நான் சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம். பத்தில் மூன்று பேர். "நல்லாத்தானே இருக்கான்" என்பது இவர்களையும் சேர்த்துத்தான்.

அதற்காக லேப்காரன் விற்கும் 80 டெஸ்ட் பேக்கேஜ் வாங்காதீர்கள். அது அவன் பிழைப்பு. உயரம், எடை, ரத்த அழுத்தம், கண், காது, பல், நான் சொன்ன அந்த இடம், 10 வயதில் போட வேண்டிய டிடி ஊசி. ரத்தம் பார்க்க வேண்டுமா என்று குழந்தை டாக்டர் சொல்வார். அரை நாள் வேலை. போர்டு தெரியாததால் எழுதாமல் இருந்த எத்தனை பேரை நான் சோம்பேறி என்று பெஞ்ச் மேல் ஏற்றினேனோ! இதைப் படிக்கிறவர்களிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். மன்னித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை, திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன் என்றீர்கள். மூன்று திங்கட்கிழமை போய்விட்டது. நான் போன் செய்தால் எடுங்கள்.